தகரத்தில் ஏன் வரைகிறோம்

கடலூரில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெண்கள் கூடி உட்கார்ந்து தகரத் துண்டுகளில் படம் வரைவதைப் பார்த்துவிட்டு நிறைய பேர் கேட்கிறார்கள், இது டிராயிங் கிளாஸா, கண்காட்சி வைக்கப் போகிறீர்களா, விற்கிறீர்களா என்று. மூன்றும் இல்லை. வாட்ஸப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி முடியவில்லை, அதனால் இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். என் தம்பி இறந்துபோன விபத்தைப் பற்றியும், சுனாமியைப் பற்றியும் இதில் வருகிறது. அதையெல்லாம் படிக்கிற மனநிலை இன்று இல்லை என்றால் இன்னொரு நாள் படியுங்கள்.

முதலில் அது என்ன என்று சொல்கிறேன். மெக்சிகோவில் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒருவர் உயிர் போகிற ஆபத்திலிருந்து தப்பினால், பிள்ளைக்கு வந்த காய்ச்சல் இறங்கினால், காணாமல் போன மாடு திரும்பி வந்தால்கூட, நடந்ததை ஒரு சின்னத் தகரத்தில் படமாக வரைந்து, கீழே நாலு வரி எழுதி, வேண்டிக்கொண்ட மாதாவோ புனிதரோ இருக்கிற கோயிலில் கொண்டுபோய் மாட்டிவிடுவார்கள். எக்ஸ்வோட்டோ என்று பெயர், ரெதாப்லோ என்றும் சொல்வார்கள். ஸ்பானியர்களோடு ஐரோப்பாவிலிருந்து வந்த வழக்கம் அது. ஆரம்பத்தில் வசதியானவர்கள் துணியில் பெரிதாக வரையச் சொல்லிக் கொடுத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும் விவசாயி, சுரங்கத் தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர் என்று எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. ஹலிஸ்கோ மாநிலத்தில் இருக்கிற சான் ஹுவான் தே லோஸ் லாகோஸ் மாதிரி யாத்திரைத் தலங்களில் இவை சுவர் நிறையத் தொங்குகின்றன.

படத்துக்கு மூன்று பகுதி. மேலே ஒரு மூலையில், மேகத்துக்கு நடுவே, காப்பாற்றிய சாமி. நடுவில் நடந்த சம்பவம், ஒளிவு மறைவே இல்லாமல்: கட்டிலில் கிடக்கிற நோயாளி, கவிழ்ந்த வண்டி, ரத்தம் உட்பட. கீழே எழுத்து: இன்னாருக்கு, இந்தத் தேதியில், இந்த ஊரில், இன்னது நடந்தது, பிழைத்தேன், நன்றி. அவ்வளவுதான். எழுத்துப் பிழை ஏராளமாக இருக்கும், ஜனங்கள் வாயால் பேசுகிறபடியே எழுதியிருப்பார்கள், அதை யாரும் திருத்துவதில்லை.

விருத்தாசலம் பக்கம் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். என் குறை இதுதான், தீர்த்து வை என்று ஒரு தாளில் மனு எழுதிப் பூஜை செய்து முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வருவோம், தீர்ந்த பிறகு போய்ப் பிராதை வாபஸ் வாங்குவோம். எக்ஸ்வோட்டோ அந்த இரண்டாவது பயணத்துக்கானது. வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டது, நடந்தது இது, தேதி இது என்று எழுதி வைத்துவிட்டு வருகிற காகிதம், அங்கே தகரமாக இருக்கிறது. வேளாங்கண்ணியிலும் வைத்தீஸ்வரன் கோயிலிலும் கை கால் கண் உருவம் போட்ட தகடு காணிக்கை போடுகிறோமே, அதுவும் மெக்சிகோவில் அப்படியே இருக்கிறது, மிலாக்ரோ என்கிறார்கள். இதெல்லாம் படிக்கப் படிக்க எனக்கு அந்த ஊர் தூரமாகத் தெரியவில்லை.

இப்போது என் கதை.

பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. தம்பி வண்டி ஓட்டினான், நான் பின்னால். விடியற்காலை, பாண்டி போகிற ரோட்டில், ரெட்டிச்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு லாரி. அவன் அங்கேயே போய்விட்டான். எனக்கு இடுப்பெலும்பும் வலது காலும். எலும்பு கூடிவிட்டது, கம்பி வைத்தார்கள், நடக்க ஆரம்பித்தேன், அப்புறம் எல்லோரும் "நீ தேறிட்ட" என்றார்கள். ஆனால் ஹாரன் சத்தம் கேட்டால் என் கை தானாக முன்னால் போய் எதையோ பிடிக்கும், அங்கே அவன் சட்டை இருக்காது. டீசல் வாசனைக்கு வாந்தி வரும். தூக்கத்தில் அந்த லாரியின் முகப்பு மட்டும் வரும், அதற்கு முன்னும் பின்னும் எதுவும் வராது, திரும்பத் திரும்ப அது மட்டும். வீட்டில் யாரும் அவன் பேரை எடுப்பதில்லை. அம்மா அழுவார் என்று நான் பேசவில்லை, நான் அழுவேன் என்று அம்மா பேசவில்லை, அப்பாவுக்கோ முதலிலிருந்தே பேச்சு குறைவு. அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்த்தேன், மாத்திரை சாப்பிட்டேன், கவுன்சிலிங் போனேன், உண்மையாகவே உதவியது. தூக்கம் வந்தது. வேலைக்குப் போக முடிந்தது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பதிவைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பிரஷ்ஷை எடுக்கக் கூடாது.

அப்பா போர்டு எழுதுகிறவர். திருப்பாதிரிப்புலியூரிலும் ஓ.டி. என்கிற கடலூர் பழைய டவுனிலும் பழைய கடைகளின் பெயர்ப் பலகைகளில் பாதிக்கு மேல் அவர் கையெழுத்துதான் இருந்தது, ஃபிளக்ஸ் வருகிறவரை. அப்புறம் வேலை இல்லை, ஆனால் தகரமும் எனாமல் டப்பாக்களும் மாடியில் அப்படியே கிடந்தன. ஆரோவில் பக்கம் தங்கியிருந்த ஒரு மெக்சிகோ பெண் தகரத் துண்டு தேடி அலைந்து, யாரோ சொல்லி எங்கள் வீட்டுக்கு வந்தார். குவானஹுவாதோ மாநிலத்துக்காரர். அளவு காட்டினார், நோட்டுப் புத்தக அளவு. எதற்கு என்று அப்பா கேட்க, போனில் படங்களைக் காட்டினார். குதிரையிலிருந்து விழுந்தவன், சுரங்கம் இடிந்து மாட்டிக்கொண்டவன், பிரசவத்தில் செத்துப் பிழைத்தவள், எல்லையைத் தாண்டும்போது ஆற்றில் இழுத்துச் செல்லப்பட்டவன். தன் பாட்டி வைத்த ஒரு தகரத்தையும் காட்டினார்.

அப்பா ரொம்ப நேரம் போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து எப்படி நிற்கிறது, கீழே எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று அவர் பார்த்தார். நான் வேறு ஒன்றைப் பார்த்தேன். அந்தப் படங்களில் எல்லாம் விபத்து முழுசாக இருந்தது. லாரியின் முகப்பு மட்டும் என்று இல்லாமல், ரோடு இருந்தது, மரம் இருந்தது, பக்கத்தில் நிற்கிற ஆட்கள் இருந்தார்கள், வானம் இருந்தது, கீழே தேதி இருந்தது. எனக்குள் தேதியே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை யாரோ ஒரு நாளில் நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது அந்தப் படங்களைப் பார்க்கும்போது.

அந்தப் பெண் சொன்ன இன்னொரு விஷயம்தான் இன்றுவரை எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை நடத்துகிறது. பெரும்பாலான தகரங்களைத் தப்பித்தவர்கள் வரைவதில்லை. ஊரில் அதற்கென்று ஒரு ஓவியர் இருப்பார், ரெதாப்லேரோ. பிழைத்தவர் அவரிடம் போய் உட்கார்ந்து நடந்ததைச் சொல்வார். மாடு எந்த நிறம், கட்டில் எந்தப் பக்கம், யார் முதலில் ஓடி வந்தது என்று அவர் கேட்டுக் கேட்டு வரைவார். எர்மெனெஹில்தோ புஸ்தோஸ் என்று ஒருவர், 1832இல் பிறந்து 1907இல் இறந்தவர், குவானஹுவாதோவில் ஒரு சின்ன ஊர்க்காரர். ஐஸ் விற்பது உட்படப் பல வேலை பார்த்துக்கொண்டே ஊர்க்காரர்களுக்கு இப்படி வரைந்து கொடுத்தவர். இன்று அவரை மெக்சிகோவின் முக்கியமான ஓவியர்களில் ஒருவராக வைக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான ரெதாப்லேரோக்கள் பெயர் போடவே இல்லை. தகரத்தில் இருப்பது தப்பித்தவரின் பெயர்தான்.

ஆக இந்தக் கலையின் உள்ளேயே இரண்டு பேர் இருக்கிறார்கள், சொல்பவரும் கேட்டு வரைபவரும். தனியாக ரூமில் உட்கார்ந்து மனசை வண்ணத்தில் கொட்டுவது என்று நாம் நினைப்போமே, அப்படி இது செய்யப்பட்டதே இல்லை.

எனக்குக் கேட்டு வரைந்தவர் அப்பா. நான் பென்சிலில் கிறுக்கி வைத்திருந்தேன், லாரி, வண்டி, இரண்டு கோடு. அவர் எதிரில் உட்கார்ந்து, கடைக்காரர்களிடம் கேட்கிற அதே குரலில் கேட்டார், "என்னம்மா எழுதணும்?" அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. எப்படி இருக்கிறாய், தூங்கினாயா, மறந்துவிடு, விதி, இவையெல்லாம் கேட்டிருக்கிறேன். என்ன எழுத வேண்டும் என்று கேட்டதும் சொல்ல வேண்டியிருந்தது. லாரி எந்தப் பக்கம் வந்தது என்று கேட்டார். சொன்னேன். தம்பி என்ன சட்டை என்று கேட்டார். நீலக் கட்டம். அதற்கு மேல் அவரால் கேட்க முடியவில்லை, பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டார், அப்புறம் திரும்பி வந்து நீலக் கட்டத்தை ஒவ்வொன்றாகப் போட்டார். மகன் எப்படிப் போனான் என்பதை அவர் அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டார்.

மேல் பகுதிதான் பிரச்சினையாக இருந்தது. எக்ஸ்வோட்டோ நன்றி சொல்கிற படம். தம்பி போய் நான் மிஞ்சியதற்கு யாருக்கு நன்றி சொல்வது? என்னால் எங்கள் ஊர்ச் சாமி பாடலீஸ்வரரை அங்கே வரைய முடியவில்லை, கோபம் இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. அந்த மூலையை அப்பா வெறுமனே வெள்ளையாக விட்டுவிட்டார். ரொம்ப நாள் அப்படியே கிடந்தது. அப்புறம் ஒரு நாள் எனக்கே தோன்றியது. ரோட்டோர டீக்கடைக்காரர் ஒருவர் ஓடி வந்து என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வருகிறவரை "கண்ண மூடாத பாப்பா, என்னப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கைலி, தோளில் கிடந்த துண்டு, எல்லாம் நினைவில் இருந்தது. அவரை மேகத்துக்கு நடுவில் வரைந்தோம். கோயிலில் மாட்ட வேண்டியதை எங்கே மாட்டுவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தோம். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தகரத்தைப் பார்த்ததும் தெரிந்தது. கடையில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். எங்களிடம் டீக்குக் காசு வாங்கவில்லை, அந்தப் பையன் முகம் இன்னும் தன் கனவில் வருகிறது என்று சொன்னார். நாங்கள் மூவருமே ஒரே விபத்தைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறோம், ஒருவருக்கொருவர் தெரியாமல்.

ஓவியர் ஃபிரிடா காலோ பற்றி இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் மெக்சிகோ என்றதும் எல்லோரும் அவர் பெயரைத்தான் சொல்கிறீர்கள். 1925 செப்டம்பர் 17ஆம் தேதி, அவருக்கு 18 வயது, மெக்சிகோ நகரத்தில் அவர் போன பஸ்ஸில் டிராம் மோதியது. கைப்பிடிக் கம்பி இடுப்பைத் துளைத்துக்கொண்டு போனது. படுக்கையில் கிடந்துதான் ஓவியர் ஆனார், அது எல்லோருக்கும் தெரியும். தன் உடம்பின் வலியை வாழ்நாள் முழுக்க வரைந்தவர், அந்த மோதலை மட்டும் வண்ணத்தில் வரைந்து காட்டவே இல்லை. அடுத்த வருடம் போட்ட ஒரு பென்சில் படம் இருக்கிறது. அப்புறம் பல வருடம் கழித்து, யாரோ ஒரு முகம் தெரியாத குடும்பம் தங்கள் விபத்துக்காக வைத்த ஒரு எக்ஸ்வோட்டோ அவர் கைக்கு வந்தது, அதிலும் பஸ்ஸும் டிராமும் மோதுகின்றன. அடிபட்டுக் கிடக்கிற பெண்ணுக்குத் தன்னுடைய சேர்ந்த புருவத்தைப் போட்டு, பஸ்ஸில் கோயோகான் என்று தன் ஊர்ப் பெயரை எழுதி, கீழே தன் அப்பா அம்மா மாதாவுக்கு நன்றி சொல்வதாக மாற்றி எழுதிவிட்டார். கோயோகானில் இருக்கிற அவர் வீட்டில் இப்படிப்பட்ட தகரங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. உலகப் புகழ் பெற்ற ஓவியருக்கே அந்த ஒரு படத்துக்கு இன்னொருவர் வரைந்த கோடு தேவைப்பட்டிருக்கிறது. இதை நான் எல்லோரிடமும் சொல்வேன், குறிப்பாக "எனக்கு வரைய வராதே" என்று தயங்குபவர்களிடம்.

மற்றவர்களோடு சேர்ந்து செய்ய ஆரம்பித்தது திட்டம் போட்டு நடக்கவில்லை. எங்கள் தெருவில் மீன் கொண்டுவரும் அக்கா, தேவனாம்பட்டினத்துக்காரர், மாடிக்கு ஏறி வந்து காயப்போட்டிருந்த தகரத்தைப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். சொன்னேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். "எனக்கும் ஒண்ணு எழுதணும் பாப்பா" என்றார். 2004 டிசம்பர் 26. கடலூர் மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் இறந்த நாள். அவருடைய இரண்டு பெண் பிள்ளைகளில் ஒருத்தி இருக்கிறாள், ஒருத்தி இல்லை. அவர் சொல்ல, நான் கேட்க, அப்பா வரைந்தார். தண்ணீர் எந்த நிறம் என்று கேட்டேன், எல்லோரும் நீலம் என்று நினைக்கிறார்கள், "கருப்பு, தாரு மாதிரி" என்றார். கீழே எழுதுகிற இடம் வந்தது. முதலில் அவர் சொன்னது, "சின்னவ கைய உட்டுட்டேன்." அப்பா பிரஷ்ஷைத் தகரத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார், எனாமலில் எழுதினால் அழிக்க முடியாது என்பதால் எப்போதும் இரண்டு முறை கேட்பார். "இப்படியே எழுதட்டுமாம்மா?" என்றார். அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு சொன்னார், "இல்ல. தண்ணி புடுங்கிக்கிச்சின்னு எழுது." அப்படியே எழுதினார்: சின்னவள தண்ணி புடுங்கிக்கிச்சி, பெரியவ கட்டுமரத்துக் கயித்தப் புடிச்சிக்கிட்டா, கயித்துக்கு நன்றி. மேலே மேகத்துக்கு நடுவில் ஒரு கயிறு இருக்கிறது. அவரிடம் கேட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் இதை இங்கே எழுதுகிறேன்.

அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன், அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு பெரிய துக்கத்தைக் கேட்டுவிட்டு எப்படித் தூக்கம் வரும்? இப்போது எனக்கு ஓரளவு புரிகிறது. அவர் வீட்டு ஓடு என்ன நிறம், அலை வந்தபோது அவர் எந்தப் பக்கம் பார்த்து நின்றார் என்று கவனமாகக் கேட்டு, அதைச் சரியாக வரைய வேண்டும் என்று முழு மூளையும் வேலை செய்கிற அந்த இரண்டு மூன்று மணி நேரம் என் லாரி வருவதற்கு இடமே இருக்காது. அதோடு, எனக்கு நடந்ததால்தான் அவரிடம் எதைக் கேட்கலாம், எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது. என் விபத்தால் யாருக்காவது ஒரு உபயோகம் உண்டு என்பது என்னை நிமிர்த்தி வைத்திருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன்.

அவர் வழியாக இன்னும் சிலர் வந்தார்கள். பண்ருட்டிப் பக்கத்து அண்ணன் ஒருவர், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் முந்திரித் தோப்பும் பலா மரங்களும் மொத்தமாகச் சாய்ந்தவர், தாத்தா நட்ட பலாவை வேரோடு வரைந்தார், அவர் மட்டும் யார் உதவியும் இல்லாமல் தானே வரைந்தார், அந்த வேர் ஒவ்வொன்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு முஸ்லிம் அக்கா மேல் பகுதியில் உருவம் எதுவும் வேண்டாம், வெளிச்சம் மட்டும் போடுங்கள் என்றார், மஞ்சளை வெள்ளையோடு குழைத்து அப்பா போட்ட அந்த வெளிச்சம் அவ்வளவு அழகு. வீட்டுக்குள்ளேயே அடி வாங்கி வெளியே வந்த ஒரு பெண் நடுப்பகுதியில் பூட்டிய கதவை மட்டும் வரைந்து, மேலே பக்கத்து வீட்டு ஆயாவை வரைந்தார். அவர் கீழே எதுவும் எழுதவில்லை. எழுதத்தான் வேண்டும் என்று நாங்கள் யாரையும் கேட்பதில்லை.

இதில் அவசரம் கூடாது. பேரிடர் நடந்த உடனே பாதிக்கப்பட்டவர்களை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல் என்று கேட்பதை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை, அப்போது வேண்டியது சோறு, பாதுகாப்பு, தங்க இடம், சொந்தக்காரர்கள் எங்கே என்ற தகவல். 2024இல் ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்தில் கரை கடந்து இங்கேயும் தண்ணீர் ஏறியபோது சிலர் "உங்க தகரத்த எடுத்துக்கிட்டு வாங்களேன்" என்றார்கள். நாங்கள் பாய்களும் பால் பவுடரும்தான் எடுத்துக்கொண்டு போனோம். சொல்லத் தயாராக இருப்பவர் தானாக வருவார். இன்னொரு பக்கம், சொல்வதால் பலன் இருக்கிறது என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், தினமும் 15 நிமிடம், தங்களுக்கு நடந்த மோசமான அனுபவத்தை எழுதச் சொன்னார். எழுதும்போது மனசு கலங்கினாலும், உணர்ச்சியோடு சேர்த்து நடந்ததையும் எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் டாக்டரிடம் போனது குறைந்திருந்தது. நடந்ததும் அதன் வலியும் ஒரே இடத்தில் வர வேண்டும் என்பதுதான் எனக்கு அதில் முக்கியமாகத் தெரிகிறது, தகரத்தில் நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும் அதைத்தான் செய்கின்றன. இருந்தாலும் தூக்கமே இல்லை, செத்துவிடலாம் போல இருக்கிறது என்று தோன்றினால் எங்கள் மாடிக்கு வருவதற்கு முன் 14416க்குப் போன் செய்யுங்கள், மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

செத்தவர்களுக்கு இந்தத் தகரம் போதாது, அது எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. என் தகரத்தில் தம்பி ரோட்டில் கிடக்கிறான். அவன் அப்படி மட்டும் இருந்தவன் இல்லையே. மெக்சிகோவில் அதற்கு வேறு ஒன்று இருக்கிறது. நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்கள் வீட்டுக்கு வருவதாக நம்பி மேசை போட்டு, போட்டோ வைத்து, அவர்களுக்குப் பிடித்த சாப்பாடு, தண்ணீர், உப்பு, மெழுகுவத்தி வைப்பார்கள், ஒஃப்ரெண்டா என்று பெயர். 1ஆம் தேதி குழந்தைகளுக்கு, 2ஆம் தேதி பெரியவர்களுக்கு. வாசலிலிருந்து மேசை வரை செண்டுமல்லி இதழை உதிர்த்துப் பாதை போடுவார்கள், வாசனை பிடித்து வந்து சேரட்டும் என்று. துலுக்க சாமந்தி என்று நாம் சொல்கிற அந்தச் செடிக்குச் சொந்த நாடே மெக்சிகோதான், ஐரோப்பியக் கப்பல்கள் வந்த பிறகே இங்கே வந்தது. இந்தச் சடங்கை யுனெஸ்கோ 2008இல் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. கடலூரிலும் பாண்டியிலும் அதே நவம்பர் 2 கல்லறைத் திருநாள், கல்லறைக்கு வெள்ளையடித்துப் பூ வைப்பார்கள். எங்கள் வீட்டில் தம்பி திதிக்குப் படையல் உண்டு, ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வேகவேகமாக முடித்துவிடுவோம். அதை மாற்றினோம். இப்போது அவன் கிரிக்கெட் பேட், அவனுக்குப் பிடித்த நெத்திலி வறுவல், அவன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், எல்லாம் வைத்து, செண்டுமல்லியைக் கொட்டி, அவன் செய்த சேட்டைகளை ஒவ்வொருவராகச் சொல்கிறோம். அம்மா முதல் முறையாக அவன் பேரைச் சொல்லிச் சிரித்தார். இந்த வருடம் மீன் அக்காவும் தன் சின்னவளின் ரிப்பனை எடுத்துவந்து எங்கள் மேசையில் வைத்தார்.

குழந்தைகளுக்குத் தகரம் கொடுப்பதில்லை, கையைக் கிழிக்கும். அவர்களுக்கு அலெப்ரிஹே. பெத்ரோ லினாரெஸ் என்று மெக்சிகோ நகரத்தில் காகிதக் கூழில் பொம்மை செய்கிறவர், 1936இல் கடும் காய்ச்சலில் கிடந்தபோது கனவில் இறக்கை முளைத்த கழுதை, கொம்பு வைத்த சேவல், நாய்த் தலை சிங்கம் எல்லாம் வந்து ஒரே வார்த்தையைக் கத்தினவாம், அலெப்ரிஹே என்று. எழுந்ததும் அவற்றைக் காகிதக் கூழில் செய்ய ஆரம்பித்தார், இன்று அது ஒரு தனிக் கலையாகிவிட்டது, வஹாக்கா மாநிலத்தில் மரத்தில் செதுக்குகிறார்கள். நமக்குக் காகிதக் கூழ் புதுசா என்ன? திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, பண்ருட்டிப் பொம்மை தெரியாத கொலு கிடையாது. கெட்ட கனவு காணும் பிள்ளைகளை அந்தக் கனவில் வருவதைச் செய்யச் சொல்வோம், எத்தனை கால், என்ன நிறம், சத்தம் போடுமா என்று கேட்போம். ஒரு பையன் செய்த பச்சை நிறப் பாம்புத் தலை யானை இப்போது அவன் வீட்டு டிவி மேல் இருக்கிறது, அவனே அதற்குச் சோறு ஊட்டுகிறான் என்று அவன் அம்மா சொன்னார்.

விற்பனை பற்றிக் கேட்டவர்களுக்கு: விற்க மாட்டோம். பாண்டியில் ஒரு கடைக்காரர் நல்ல விலை சொன்னார், சுவருக்கு அழகாக இருக்கும் என்றார். அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒருவர் தன் உயிருக்காக வைத்த பொருள் அது. மெக்சிகோவிலேயே கோயில்களிலிருந்து எக்ஸ்வோட்டோக்களைத் திருடி வெளிநாட்டில் விற்றிருக்கிறார்கள், அப்படித் திருடு போனவற்றில் 594ஐ 2019இல் இத்தாலி மெக்சிகோவிடம் திருப்பிக் கொடுத்தது. எங்களிடம் வரையப்படும் தகரம் அந்தக் கதைக்குச் சொந்தக்காரரோடு போய்விடும், கோயிலோ, வீட்டு வாசலோ, படகோ, அவர் இஷ்டம். மெக்சிகோ மக்களிடமிருந்து வாங்கிய கலை என்பதையும் வருகிற ஒவ்வொருவரிடமும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

வர விரும்புபவர்கள் எதுவும் கொண்டுவர வேண்டாம், எங்களைத் தெரிந்த யாரோடாவது வாருங்கள். மாசி மகம் முடிந்ததும் தேவனாம்பட்டினத்தில் அக்காவின் வீட்டு வாசலிலேயே ஒரு நாள் உட்காரப் போகிறோம், அங்கே நிறைய பேர் கேட்டிருக்கிறார்கள், ஆனால் தகரம் போதாது. வீட்டில், ஓட்டலில், 15 கிலோ எண்ணெய் டின் காலியானால் பழைய இரும்புக்காரருக்குப் போடாமல் எடுத்து வையுங்கள். சோப்புப் பவுடர் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, காய வைத்து, மூடியையும் அடியையும் மட்டும் வெட்டிவிட்டுத் தட்டையாக்கிக் கொடுத்தால் போதும். துண்டு போடுவது, விளிம்பை மடக்குவது, உப்புத்தாள் தேய்ப்பது, நம் ஊர் உப்புக் காற்றில் துரு ஏறாமல் இரண்டு பக்கமும் ரெட் ஆக்சைடு பிரைமர் அடிப்பது எல்லாம் அப்பா பார்த்துக்கொள்வார். வெட்டும்போது கையில் கனமான துணி சுற்றிக்கொள்ளுங்கள்.